தண்ணீர் ஊற்றாதவர்

என் அப்பா சதாசிவம் கம்பெனி பஸ் ஓட்டினார். கடப்பாக்கத்தில் புறப்பட்டு செய்யூர், மதுராந்தகம், செங்கல்பட்டு வழியாக மறைமலைநகர் வரை. தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, வேலை முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்புவார். செய்யூருக்கு மேற்கே அவருக்குக் கொஞ்சம் வேர்க்கடலை நிலம் இருந்தது. கோயிலுக்கு அதிகம் போகமாட்டார். வண்டியை எடுக்கும் முன் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அவ்வளவுதான் அவருடைய பக்தி.

போன மாசியில் இறந்தார். கடைசி வருடங்களில் அவர் விரும்பியது ஒன்றே ஒன்று. அம்மாவுக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும். அம்மா கத்தோலிக்கக் குடும்பம். அவள் ஊரின் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாள். அப்பா ஞானஸ்நானம் வாங்காதவர். வாங்கியிருந்தால் அந்த இடம் கிடைத்திருக்கும். ஏன் வாங்கவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன். நான் தரக்கட்டுப்பாட்டில் வேலை செய்கிறவள். காரணத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லித்தான் பழக்கம்.

அம்மா ஞானம்மாள் அந்தப் பஸ்ஸில் ஏறியவள். வயர் கட்டும் பிரிவில் வேலை. ஓட்டுநருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்காருவாள். வண்டி நகர்ந்ததும் ஜெபமாலையை எடுப்பாள். மதுராந்தகம் ஏரிக்கரை வரும்போது முடித்துவிடுவாள். ஒரு தடவை ரோடு புதிதாகப் போட்டிருந்தார்கள். ஏரிக்கரை சீக்கிரம் வந்துவிட்டது. மணிகள் பாக்கி இருந்தன.

"இன்னாங்க, பின்னாடி போலீசு தொரத்துதா?" என்றாளாம்.

"நீ சாமி கும்புடறதுக்கு நான் ஸ்பீடக் கொறைக்கணுமா?"

"ஆமா."

அன்றிலிருந்து குறைத்தார். பஸ் தாமதமாக வருகிறது என்று கம்பெனியில் புகார் போனது. டிரைவரை மாற்றிவிடுவோம் என்றார்கள். அவர் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார்.

இரண்டு வீட்டிலும் எதிர்ப்பு. சர்ச்சில் தனி அனுமதி வாங்கித்தான் கல்யாணம் நடந்தது. பிறக்கும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் குறுக்கே நிற்கமாட்டேன் என்று பாதிரியார் முன்னால் அப்பா வாக்குக் கொடுத்தார். அவருக்கு அதில் ஒரு சிரமமும் தெரியவில்லை. பெயர் வைக்கிற சடங்கு என்று நினைத்துக்கொண்டார்.

முதல் பிள்ளை என் அக்கா. குறைமாதத்தில் செங்கல்பட்டில் பிறந்தாள். அம்மா ஆபரேஷன் முடிந்து ரத்தம் ஏறிக்கொண்டு ஒரு வார்டில் கிடந்தாள். குழந்தை வேறு அறையில். தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடப்பாக்கத்திலிருந்து பாதிரியாரை அழைத்துவர அம்மாவின் தம்பி போயிருந்தார். அவர் வருவதற்குள் முடிந்துவிடும் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவைக் கூப்பிட்டாள்.

"நீங்களே ஊத்துங்க. நெத்தியில தண்ணி ஊத்தி, பிதா சுதன் பரிசுத்த ஆவி பேரால உனக்கு ஞானஸ்நானம் குடுக்கறேன்னு சொன்னாப் போதும்."

"நான் எப்டி? நான் உங்க ஆளு இல்லியே."

"சாவப் போற கொழந்தைக்கு யார் வேணா ஊத்தலாம். சிஸ்டர் சொல்லிக் குடுத்துருக்காங்க."

"ஊத்துனா பொழைக்குமா?"

"பொழைக்காது. பாவம் போவும்."

"இன்னா பாவம்?"

"ஜென்மப் பாவங்க. பொறக்கறப்பவே எல்லாருக்கும் கீது. ஆதாம் ஏவாள் பண்ணது. அது போவலன்னா மேல சேத்துக்க மாட்டாங்க. கேள்வி கேக்காதீங்க, போங்க."

அப்பா போனார். நர்ஸ் ஒரு பாலாடையில் தண்ணீர் கொடுத்தாள். அதற்கப்புறம் நடந்ததை அவர் எனக்குச் சொன்னது நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான்.

"அது என் கையளவு இருந்துது பிரபா. மூச்சு வுடறதே அதுக்குப் பெரிய வேலையா இருந்துது. அதப் பாத்து, நீ ஒரு தப்போட வந்துகீற, இந்தா கழுவி வுடறேன்னு எப்டிச் சொல்றது? எனக்கு வாய் வரல. ஒதடு வறண்டு கெடந்துச்சு. வெரல்ல தண்ணியத் தொட்டு ஒதட்டுல வச்சேன். சப்புச்சு."

திரும்பி வந்தவரிடம் அம்மா கேட்டாள், "ஊத்துனீங்களா?"

ஊத்தினேன் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அப்பாவுக்குப் பொய் வராது. லீவு வேண்டும் என்றால் உடம்பு சரியில்லை என்று எழுதக்கூடத் தெரியாத மனிதர்.

"இல்ல ஞானம்," என்றார்.

அம்மா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். பாதிரியார் வந்தபோது குழந்தை இல்லை.

ஞானஸ்நானம் ஆகாத குழந்தைகளை அந்தக் காலத்தில் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, சவுக்குத் தோப்பு ஓரமாகப் புதைப்பார்கள். அப்பா அதற்குக் கொடுக்கவில்லை. துண்டில் சுற்றித் தன் நிலத்துக்கு எடுத்துப்போய்க் கிணற்றுக்குப் பக்கத்தில் புதைத்தார். பெயர் வைக்கவில்லை.

அம்மா அதற்கப்புறமும் அவரோடுதான் இருந்தாள். சமைத்தாள், சிரித்தாள், சண்டை போட்டாள், என்னைப் பெற்றாள். எனக்கு ஒரு மாதம் ஆனதும் அவள் தம்பி ஜெபகுமார் மாமா என்னைத் தூக்கிக்கொண்டு போய் ஞானஸ்நானம் கொடுக்க வைத்தார். அப்பா வாசலில் நின்றார், தடுக்கவில்லை. அக்காவுக்கு ஊற்றாததைப் பற்றி அம்மா அவரிடம் வாய்திறந்து பேசவே இல்லை. வருடா வருடம் கல்லறைத் திருநாளில் தன் அப்பா அம்மா சமாதியில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, ஒன்றை எடுத்துப்போய் மதில்மேல் வைப்பாள். கடற்காற்று அணைத்துவிடும். அப்பா காற்று வரும் பக்கமாகப் போய் நின்றுகொள்வார். மெழுகு கரையும்வரை நகரமாட்டார்.

அந்தக் குழந்தை எங்கே இருக்கிறது என்று அம்மா ஒரு தடவை எனக்குச் சொன்னாள். நரகமும் இல்லை, மோட்சமும் இல்லை, நடுவில் ஓர் இடம். வலி இருக்காது. யாரும் இருக்கமாட்டார்கள். அவள் சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் படித்தது அது.

பிறகு அம்மாவுக்குச் சிறுநீரகம் போனது. கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் அப்பா அவளுக்கு இளநீரை ஸ்பூனில் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் இருந்தேன்.

"நான் மேல போனாலும் அவளப் பாக்க முடியாது இல்லங்க?" என்றாள்.

கோபமே இல்லாமல் கேட்டாள். அப்பா ஸ்பூனைக் கீழே வைத்தார். அவர் மனதில் கடைசிவரை கிடந்தது இந்தக் கேள்விதான்.

அம்மாவை அடக்கம் செய்த இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கும் அளவு இடம் இருந்தது. அப்பா தினமும் சாயங்காலம் டி.வி.எஸ். வண்டியில் போய் அங்கே உட்கார ஆரம்பித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். ஜெபகுமார் மாமா பூசை முடிந்து அந்தப் பக்கம் வந்தார். அவர் சர்ச் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையின் செயலாளர். கல்லறைத் தோட்டம் பேரவையின் பொறுப்பு.

"மச்சான், உங்கக்கா பக்கத்துல ஒரு எடம் கீதே, அது யாருக்கு?" என்றார் அப்பா.

"எங்க ஆளுங்களுக்கு."

"நான் யாரு ஆளு?"

"அத்த நீதான் சொல்லணும் மாமா. கல்யாணத்துலேந்து நான் உங்க ஆளு இல்லன்னு சொல்லிகினு வர்றது நீதானே?"

"வழி இன்னா, சொல்லு."

"ஒரே வழி. தலையில தண்ணி. ஃபாதர் ஊத்துவாரு. வெள்ளச் சட்டை நான் வாங்கித் தரேன். உள்ள நீ இன்னா நெனச்சுகினு இருந்தா யாரு தொறந்து பாக்கப் போறாங்க?"

அப்பா சிரித்தார். "உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணா ஊத்திக்கலாம்னா அன்னிக்கே ஊத்தியிருப்பனே டா. அவ அழுதுகினு கேட்டா. அவளுக்காகச் செய்யாதத இப்ப என் எடத்துக்காகச் செஞ்சா நான் இன்னா மனுசன்?"

"உன்கூட எங்கக்கா எப்டித்தான் குடித்தனம் பண்ணாளோ."

"அதத்தான் நானும் அவளக் கேக்கணும்."

மாமா தலையில் அடித்துக்கொண்டு போனார். ஆனால் பங்குத்தந்தையிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் ஃபாதர் இன்னாசி மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கே வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், வயது என்னைவிடக் கொஞ்சம்தான் கூட. அப்பா ஒரு தட்டில் அவித்த வேர்க்கடலை வைத்தார்.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க ஃபாதர். ஆதாம் பண்ண தப்பு எம்புள்ள மேல எப்டி வந்துச்சு?"

"தப்பா வரலீங்க. அது பழி இல்ல, குறை. கடவுளோட இருந்த உறவு அறுந்துபோன நிலை. அந்த நிலையிலதான் எல்லாரும் பிறக்கிறோம்."

"குறைன்னா வைத்தியம் பண்ணணும். மன்னிப்பு எதுக்கு?"

ஃபாதர் ஒரு கடலையை உரித்தார். "அந்த வைத்தியத்துக்குத்தான் மன்னிப்புன்னு பேரு வச்சிருக்கோம்னு வச்சுக்கோங்களேன்."

"பிரேக் புடிக்கலன்னா வண்டிய ஷெட்டுக்கு அனுப்புவோம். வண்டிய மன்னிக்க மாட்டோம்."

ஃபாதர் வாய்விட்டுச் சிரித்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. "எங்க ஆலையில எல்லாப் பீஸும் ஒரே கோளாறோட வந்தா பீஸைத் திட்ட மாட்டோம் ஃபாதர். அச்சைப் போய்ப் பார்ப்போம்," என்றேன்.

"அச்சு சரியாத்தான் இருந்தது. கடவுள் பண்ணின பீஸுக்கு மட்டும் சொந்த விருப்பம்னு ஒண்ணு கொடுத்துட்டார். அதான் சிக்கல்."

"எங்க அக்காவுக்கு என்ன விருப்பம் இருந்திருக்கும்?"

அவர் கடலைத் தோலை ஓரமாகக் கூட்டிவைத்தார். நல்ல மனிதர். தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசவில்லை. பிறகு அவராகவே சொன்னார்.

"உண்மையைச் சொல்லிடறேன். ஞானஸ்நானம் இல்லாம இறந்த குழந்தைங்க தனியா ஓர் இடத்துல கிடக்கும்கிறதை இப்பல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கறதில்ல. அது திருச்சபையோட கட்டாயப் போதனையா எப்பவும் இருந்ததும் இல்ல. கடவுளோட இரக்கத்துல விட்டுடறோம். நம்பிக்கையா இருக்கலாம்னுதான் சொல்றோம்."

"எப்பலேந்து?" என்றார் அப்பா.

"கொஞ்ச வருசமாவே."

"ஞானம் உசுரோட இருந்தப்பவேவா?"

"ஆமாங்க."

"ஒரு ஞாயித்துக்கெழம வுடாம வந்தாளே. மொத வரிசையில ஒக்காந்தாளே. ஒருத்தரும் அவகிட்ட சொல்லலியா?"

"நான் அப்ப இங்க..." என்று ஆரம்பித்த ஃபாதர் நிறுத்திக்கொண்டார். "சொல்லியிருக்கணும்," என்றார்.

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓர் அளவு மாறினால் எங்கள் ஆலையில் பழைய வரைபடத்தை ஒவ்வொரு மேஜையிலிருந்தும் திரும்ப வாங்கிவிடுவோம். இல்லாவிட்டால் யாராவது ஒருவர் பழைய அளவை வைத்துக்கொண்டே வேலை செய்துகொண்டிருப்பார். அம்மா அப்படித்தான் இருந்திருக்கிறாள். இளநீர் குடித்த அந்த மத்தியானம் வரைக்கும்.

அதற்குப் பிறகு அப்பாவின் ஆசை இன்னும் கூடியது. முன்பு பக்கத்தில் இருந்தால் போதும் என்றிருந்தார். இப்போது அவளிடம் சொல்வதற்கு அவரிடம் ஒரு சேதி இருந்தது.

ஃபாதர் இன்னாசி இரண்டாம் தடவை வந்தபோது அவருக்கு ஆறுதல் சொல்லத்தான் வந்தார். அது வேறு விதமாகப் போனது.

"நீங்க எதையும் மனசுல போட்டுக் குழப்பிக்க வேண்டாம். பெரியவங்க ஞானஸ்நானம் வாங்கினா அதுவரைக்கும் செஞ்ச எல்லாமே போயிடும். தனியா வந்து பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம்கூடப் பண்ண வேண்டியதில்ல."

"எல்லாம்னா?"

"எல்லாம்."

"கல்யாணத்துல ஞானத்துக்காகக் குடுத்த வாக்க ஒடச்சனே, அது?"

"அதுவும்தான்."

"அவளக் கேக்காமியா?"

ஃபாதருக்கு முதலில் புரியவில்லை. "கடவுள் மன்னிக்கிறாருங்க," என்றார்.

"அவருக்கு நான் ஒண்ணும் பண்ணலியே. அழுதது அவ. வருசா வருசம் மதில்மேல மெழுகுவத்தி வச்சது அவ. நடுவுல அவர் யாரு மன்னிக்க?"

"எல்லாத் தப்பும் கடைசியில அவரைத்தான் போய்ச் சேருது. அப்படித்தான் நாங்க நம்புறோம்."

"அப்ப அவளுக்கு இன்னா மிச்சம்? பாருங்க ஃபாதர், தப்பே பண்ணாத புள்ளைக்கு மன்னிப்பு வேணும்கறீங்க. தப்பு பண்ண எனக்கு, அடிபட்டவளக் கேக்காமயே தூக்கிக் குடுக்கறீங்க. ரெண்டுமே எனக்கு ஒத்து வரல."

"சரி, உங்களுக்கு என்னதான் வேணும்?"

"அவ பக்கத்துல படுக்கணும். கழுவாம, இப்டியே. அவளுக்கு இன்னா திட்டணும்னு தோணுதோ திட்டட்டும்."

ஃபாதர் புறப்படும்போது, "பேரவையில கேட்டுப் பார்க்கிறேன்," என்றார்.

கேட்டார். மனைவிக்குப் பக்கத்தில் கணவன், வேறு மதமானாலும் இடம் கொடுக்கலாம் என்று பேசினார். பாதிப் பேர் சரி என்றார்கள். பாதிப் பேர் இன்றைக்கு இவர், நாளைக்கு யார் என்றார்கள். கடைசியில் செயலாளரைப் பார்த்தார்கள். ஜெபகுமார் மாமா கையைத் தூக்கவில்லை. சொந்தத்துக்காகச் சட்டத்தை வளைத்தான் என்று ஊர் பேசும் என்று பயந்தார். தன் அக்கா அழுததை அவர் மறக்கவும் இல்லை. ஆயர் இல்லத்துக்கு எழுதிக் கேட்கிறேன் என்று ஃபாதர் சொல்லிப் பார்த்தார். அப்பா வேண்டாம் என்றுவிட்டார்.

"மேலேந்து ஆர்டர் வாங்கினு வந்து படுக்கறதா? அவ ஊருக்கு நடுவுல கீறா. அவங்களுக்கு வாணாம்னா வாணாம்."

அன்று அவரை நிலத்துக்கு என் ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். கிணற்றடியில் இறங்கியதும் கேட்டார்.

"உங்கம்மா எப்பனா சொன்னாளா? அந்த விஷயத்துல அவர மன்னிச்சு வுட்டுட்டேன், போயிட்டுப் போவுதுன்னு... அந்த மாதிரி எதனா?"

சொன்னாள் என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் கேட்கிறவர் அவர்.

"இல்லப்பா."

"சரி," என்றார். குனிந்து ஒரு செடியைப் பிடுங்கிக் கடலை வைத்திருக்கிறதா என்று பார்த்தார். இன்னும் பிஞ்சாகத்தான் இருந்தது.

மாசியில் ஒரு காலை நெஞ்சு வலி என்று ஜெபகுமார் மாமாவுக்குத்தான் போன் செய்திருக்கிறார். நான் ஷிப்டில் இருப்பேன், தொந்தரவு செய்யக் கூடாது என்று. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது முடிந்துவிட்டது. மாமா வராந்தாவில் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார். என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"பாப்பா, நான் ஒண்ணு சொல்றேன், நீ சும்மா தலையாட்டு போதும். கடைசி நேரத்துல நான் அவருக்கு ஊத்திட்டேன்."

நான் அவரையே பார்த்தேன்.

"அவசரத்துக்கு யார் வேணா ஊத்தலாம். எனக்கும் உனக்கும் தவிர யாருக்குத் தெரியும்? பேரவையில நான் சொன்னா எதுத்துப் பேச ஆள் கெடையாது. சாயங்காலத்துக்குள்ள எங்கக்கா பக்கத்துல வச்சுடலாம்."

"நிஜமா ஊத்துனீங்களா மாமா?"

அவர் முகம் கோணியது. "இல்ல. மூடியத் தொறந்துகினு கிட்ட போனேன். கண்ணத் தொறந்து பாத்தாரு. 'இன்னா மச்சான், தண்ணியா, குடு'ன்னு குடிச்சாரு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சுவரில் சாய்ந்துகொண்டேன். ஒரு தலையாட்டல்தான். அவர் விரும்பிய இடம். இவ்வளவு நாள் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து புல் முளைக்காமல் போன இடம். அம்மாவும் அவரும் ஒன்றாக இருப்பதை அவரைவிட நான் அதிகமாக விரும்பினேன். எனக்கும் போய் நிற்க ஒரே இடமாக இருக்கும் அல்லவா? மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

ஆனால் அங்கே போய் அவர் அம்மாவிடம் என்ன சொல்லுவார்? அவள் சாகக் கிடக்கும்போதுகூட ஊத்தினேன் என்று சொல்லாதவர். ஊத்தியதாகச் சொல்லி இடம் வாங்கி அவள் பக்கத்தில் எப்படிப் படுப்பார்?

"வேண்டாம் மாமா. நிலத்துக்குக் கொண்டுபோயிடலாம்."

"யோசிச்சுச் சொல்றா கண்ணு. அப்புறம் மாத்த முடியாது."

"தெரியும்."

கிணற்றடியில் அக்காவுக்குப் பக்கத்தில் குழி வெட்டினார்கள். அப்பாவின் சொந்தக்காரர்கள் அவர்கள் முறைப்படி செய்தார்கள். ஃபாதர் இன்னாசி அங்கி போடாமல் பேன்ட் சட்டையில் வந்தார். ஜெபம் சொல்லவில்லை. மண் தள்ளும்போது அவரும் மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு ஜெபகுமார் மாமா மட்டும் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்திருந்தார். நானும் போய் உட்கார்ந்தேன்.

"நான் கையத் தூக்கியிருந்தா இன்னிக்கு அங்க இருந்திருப்பாரு," என்றார்.

"ம்."

"அவரு என்ன மன்னிச்சிருப்பாரா பிரபா? நீ சொல்லு. நீ அவர் பொண்ணுதானே?"

மன்னிச்சிருப்பார் மாமா என்று சொல்வது எவ்வளவு சுலபம். வேறு எந்த வீட்டிலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

"எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்ல மாமா. நெஜமாவே இல்ல. அப்பாவுக்காக நான் எப்படிச் சொல்றது?"

அவர் தலையைத் தலையை ஆட்டினார். மூக்கைச் சிந்தினார். "சனிக்கெழம போயி ஃபாதர்கிட்ட சொன்னா மன்னிப்பு குடுத்துடுவாரு. இத்தினி வருசமா அதானே பண்ணிகினு வந்தேன். இப்ப அது பத்தாது போல கீது. உங்கப்பன் என்னக் கெடுத்துட்டுப் போயிட்டாரு, பாரு."

அடிபட்டவர்தான் மன்னிக்க வேண்டும் என்றால், அடிபட்டவர் போய்விட்ட பிறகு மிச்சமிருப்பவர் எங்கே போவது? அந்த இடத்தில் யாரையாவது உட்கார வைக்காமல் மனிதர்களால் முடியாது என்றுதான் கடவுளை உட்கார வைத்தார்களா? அப்பாவின் கணக்கில் நான் பார்த்த முதல் ஓட்டை அது. அவருக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது. அம்மா போனபிறகு அவரே அந்த ஓட்டைக்குள்தான் இருந்தார். தினமும் சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அதற்குள்தான் உட்கார்ந்தார்.

அவரிடம் இதைக் கேட்க வேண்டும் போல இருந்தது. பஸ்ஸை வைத்து ஏதாவது சொல்லியிருப்பார். நான் அதில் ஒரு தப்பு கண்டுபிடித்திருப்பேன். விடமாட்டியே நீ என்று சிரித்திருப்பார்.

மாமா எழுந்து, போகலாமா என்றார். கொஞ்சம் இருந்துவிட்டு வருகிறேன் என்றேன்.